ஒத்திகைக்கும் அரங்கேற்றத்துக்கும் நடுவே

கல்லூரி நாடகம் என்றதும் பேச்சு நேராக நடிப்புக்குப் போய்விடும். யார் நன்றாகச் செய்தார்கள், யாருடைய குரல் கடைசி வரிசை வரை கேட்டது, யார் எந்த இடத்தில் வசனத்தை விட்டார்கள் என்பதுதான் மறுநாள் பேசப்படும். பாராட்டுகிறவர்கள் வாயிலும் நடிகர்களின் பெயர்களே வரும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. சேர்ந்து ஒரு நாடகம் போடும் மாணவர்கள் கற்றுக்கொள்வதில் பெரும்பகுதி நடிப்புக்கு வெளியே இருக்கிறது. அதிலும், ஒத்திகை அறையை விட்டு மேடைக்கு வந்த பிறகு, பார்வையாளர்கள் வந்து உட்காருவதற்கு முன்னால் இருக்கும் சில நாட்கள்தான் மிக முக்கியமானவை. நான் பார்த்த கல்லூரிகள் பலவும் அந்த நாட்களைத்தான் மாணவர்களுக்குத் தருவதில்லை.

கல்லூரி நாடகக் குழுக்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். மாலையில் வகுப்பறை நாற்காலிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒத்திகை பார்ப்பார்கள். இரண்டு மாதம் கூட இப்படிப் போகும். மேடை கைக்கு வருவதோ நிகழ்ச்சியன்று காலையில்தான். அன்றைக்கே செட் ஏற வேண்டும், விளக்கு கட்ட வேண்டும், ஒலி பார்க்க வேண்டும், நடிகர்கள் அந்த மேடையின் அகலத்தைப் பழக வேண்டும். நடுவில் யாராவது வந்து மைக்கை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். மாலையில் எப்படியோ நாடகம் நடந்துவிடும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் தயாரிப்பு என்ற வேலையை அங்கே யாரும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு நெருக்கடியைத் தாண்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மாணவர்கள் தாங்களாகவே கூடி நாடகம் போடுவது, நாடகம் ஒரு பாடமாக வருவதற்கு வெகுகாலம் முந்தைய வழக்கம். கேம்பிரிட்ஜ் மாணவர்களின் ஏடிசி நாடகக் குழு 1855இல் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களின் நாடகச் சங்கம் 1885இல் வந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. அமெரிக்காவில் நாடகத்துக்கென்று முதல் பட்டப்படிப்பு வந்ததே 1914இல்தான், இன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகம் எனப்படும் நிறுவனத்தில்.

எனக்குப் பிடித்தது ஜார்ஜ் பியர்ஸ் பேக்கரின் கதை. ஹார்வர்டில் நாடகம் எழுதக் கற்றுத்தந்தவர் அவர். எழுதியதை வகுப்பில் படித்துத் திருத்துவது போதாது, ஆட்களை நிறுத்தி, செட் போட்டு, விளக்கு ஏற்றிப் பார்த்தால்தான் எழுதியவருக்கே தன் நாடகம் புரியும் என்று நினைத்தார். 1910களில் அந்த வகுப்போடு ஒரு பட்டறையைச் சேர்த்தார். வகுப்பின் எண் 47 என்பதால் அதற்கு ‘47 பட்டறை’ என்றே பெயர். அழைக்கப்பட்டவர்கள் வந்து பார்ப்பார்கள், பார்த்ததைப் பற்றித் தங்கள் கருத்தை எழுதித் தருவார்கள். பின்னாளில் பெயர்பெற்ற அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீல் அவருடைய வகுப்பில் இருந்தவர். பேக்கர் 1925இல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே நாடகத் துறையை நடத்தினார். எழுத்தாளரை உருவாக்க வந்த ஒருவர் ஆணி, படுதா, விளக்கு எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவந்தார் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

சரி, அப்படி என்ன இருக்கிறது அந்த நாட்களில்? ஸ்டேஜ் மேனேஜரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கல்லூரிக் குழுக்களில் பெரும்பாலும் இல்லாத ஆள் அவர்தான். இயக்குநர் இருப்பார், உதவி இயக்குநர் என்று நாலைந்து பேர் இருப்பார்கள், ஸ்டேஜ் மேனேஜர் இருக்க மாட்டார். ‘மேடையில் நாற்காலி நகர்த்துகிறவர்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அரங்கேற்றத்தன்று இயக்குநருக்கு வேலையே கிடையாது. அவர் பார்வையாளரோடு உட்கார்ந்துவிடலாம். முதல் விளக்கு எரிவதிலிருந்து கடைசித் திரை விழுவது வரை நாடகம் ஸ்டேஜ் மேனேஜரின் கையில் இருக்கிறது.

அவருடைய ஆயுதம் பிராம்ப்ட் புக். நாடகப் பிரதியை ஒரு பக்கமும் வெற்றுத்தாளை எதிர்ப்பக்கமுமாக வைத்துக் கோத்த ஒரு கோப்பு. யார் எந்த வரியில் எங்கிருந்து எங்கே போகிறார்கள், எந்த இடத்தில் விளக்கு மாறுகிறது, எந்த இடத்தில் ஒலி வருகிறது, யார் எந்தப் பொருளோடு எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறார்கள் என எல்லாம் அதில் இருக்கும். பென்சிலில்தான் எழுத வேண்டும், எல்லாமே மாறும். ஸ்டேஜ் மேனேஜருக்கு அன்று உடம்பு சரியில்லை என்றால், அந்தக் கோப்பைப் பார்த்து இன்னொருவர் நாடகத்தை நடத்திவிட முடிய வேண்டும். நான் அதை இப்படித்தான் சோதிப்பேன். ஒத்திகைக்கு நடுவே கோப்பை வாங்கி வேறொரு மாணவியிடம் கொடுத்து, ‘அடுத்த ஐந்து நிமிடம் நீ நடத்தும்மா’ என்பேன். எழுத்து தெளிவாக இருந்தால் நடந்துவிடும். இல்லாவிட்டால் எங்கே நிற்கிறது என்று எழுதியவருக்கே உடனே தெரிந்துவிடும்.

கியூ என்பது விளக்கோ ஒலியோ எந்த இடத்தில் மாற வேண்டும் என்ற குறிப்பு. அதை எழுதுவதில் இருக்கும் நுணுக்கம் மாணவர்களை ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுத்துகிறது. ‘கதவைத் திறக்காதே, அவன் வெளியேதான் நிற்கிறான்’ என்று ஒரு வசனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே வாசல் பக்கம் வெளிச்சம் குறைய வேண்டும். ‘திறக்காதே’ என்றதும் குறைந்தால், அவன் வந்துவிட்டது நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, பிறகு வரும் சொற்கள் அதை உறுதி செய்கின்றன. ‘நிற்கிறான்’ முடிந்த பிறகு குறைந்தால், அந்தச் சொல்லே இருட்டை வரவழைத்ததாகிறது. இரண்டும் வேறு வேறு காட்சிகள். எது வேண்டும் என்று முடிவு செய்த பிறகு இன்னொரு கணக்கு வருகிறது. விளக்கு மங்க ஐந்து நொடி ஆகும் என்றால், ‘நிற்கிறான்’ முடியும்போது இருட்டாக இருக்க எந்தச் சொல்லிலேயே தொடங்க வேண்டும்? நடிகர் அன்று கொஞ்சம் நிதானமாகப் பேசினால் என்ன செய்வது? இதை ஒரு மணி நேரம் விவாதித்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிரதியை அவ்வளவு நெருக்கமாக வாசிக்க வைத்த வேறு வகுப்பு அவர்களுக்கு இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.

அந்தக் கியூவை அழைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் ‘எல்எக்ஸ் 24, ஸ்டேண்ட்பை’ என்று எச்சரிக்கை. எல்எக்ஸ் என்றால் விளக்கு, 24 என்பது கியூவின் எண். விளக்குப் பலகையில் இருப்பவர் கையைப் பொத்தானில் வைத்துக்கொண்டு பதில் சொல்வார். பிறகு ‘எல்எக்ஸ் 24’, ஒரு சின்ன இடைவெளி, ‘கோ’. கட்டளைச் சொல் கடைசியில்தான் வர வேண்டும். எண்ணுக்கு முன்னால் சொல்லிவிட்டால் யார் கை எந்தப் பொத்தானை அழுத்தும் என்று தெரியாது. ஹெட்செட்டில் இருக்கும் யாரும் வேறு எந்தப் பேச்சிலும் அந்தச் சொல்லை எடுக்கக் கூடாது. பேச முடியாத இடங்களில் கியூ லைட் என்று சிறு விளக்குகள் வைப்பார்கள். சிவப்பு எரிந்தால் தயாராக இரு, பச்சை எரிந்தால் செய். எவ்வளவு சத்தத்துக்கும் இருட்டுக்கும் நடுவிலும் தவறிப்போகாத ஒரு மொழியைப் பல தலைமுறை மேடைக்காரர்கள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இதைக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் ஒரு பெரிய வரிசையின் நுனியில் போய் நிற்கிறார்கள்.

நேரம் சொல்வதும் அப்படித்தான். பிரிட்டிஷ் அரங்க வழக்கத்தில் ‘அரைமணி’ என்ற அழைப்பு, நாடகம் தொடங்க 35 நிமிடம் இருக்கும்போது வரும். முதல் காட்சியில் வருகிறவர்கள் தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே தங்கள் இடத்தில் நிற்க வேண்டும், அந்தக் கணத்திலிருந்துதான் எல்லாம் பின்னோக்கி எண்ணப்படுகிறது. நான் வேலை செய்யும் குழுக்கள் எல்லாவற்றிலும் இந்தக் கணக்கைக் கொண்டுவந்துவிட்டேன். ‘ஆறரைக்கு நாடகம், ஆறே காலுக்கு வந்தால் போதாதா’ என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அப்புறம் டெக் ஒத்திகை, அதாவது விளக்கு, ஒலி, செட் எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் தொழில்நுட்ப ஒத்திகை. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. நடிகர்கள் உணர்ச்சியோடு நடிக்கத் தேவையில்லாத ஒத்திகை இது. ஒரு கியூவுக்கு நாலு வரி முன்னால் தொடங்குவார்கள், கியூ நடக்கும், சரியாக வந்ததா என்று பார்ப்பார்கள். வரவில்லை என்றால் திரும்பவும். வந்துவிட்டால் நடுவில் இருக்கும் பக்கங்களைத் தாண்டி அடுத்த கியூவுக்கு. இரண்டு மணி நேரம் போகும், ஐந்து பக்கம்தான் நகர்ந்திருக்கும். இரண்டு மாதமாகத் தாங்களே நாடகம் என்று நினைத்திருந்த நடிகர்கள், முதல் முறையாகச் சும்மா நின்று காத்திருக்கிறார்கள். தான் நிற்கும் இடத்தில் வெளிச்சம் வருவதற்காக ஒருவர் ஏணி மேல் நின்று வேலை செய்வதை நிமிர்ந்து பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த நடிகர் தரையில் ஒட்டியிருக்கும் டேப் அடையாளத்தைத் தாண்டி நிற்பதே இல்லை. ‘அடையாளத்தில் நில்லு’ என்று இயக்குநர் ஆயிரம் தடவை சொல்லி நடக்காத ஒன்று இது.

எல்லாம் ஒன்றோடொன்று கோத்திருப்பது தெரிவதும் இங்கேதான். நாற்காலி அரையடி தள்ளிப் போயிருந்தால் அதில் உட்காருபவர் முகம் இருட்டுக்குப் போகிறது. விளக்கைத் திருப்பினால் வெளிச்சம் பின்னால் இருக்கும் படுதாவில் விழுகிறது. படுதாவைத் தள்ளினால் உடை மாற்ற வைத்திருந்த இடம் போய்விடுகிறது. ஒரு நாடகத்தில், ஒரு பெண் பாத்திரம் உள்ளே போய் வேறு புடவையில் வர வேண்டியிருந்தது. பிரதியில் அதற்கு ஒரு குட்டி உரையாடல் அளவுதான் நேரம். ஒத்திகை அறையில் சுலபமாக நடந்தது, அங்கே வெளிச்சம் இருந்தது. மேடைக்குப் பக்கத்து இருட்டில் முடியவில்லை. மாணவிகள் உட்கார்ந்து யோசித்தார்கள். புடவையை மடிப்போடு முன்கூட்டியே தைத்து வைப்பது, நீலத் தாள் சுற்றிய கைவிளக்கோடு ஒருத்தி, உடை பிடிக்க ஒருத்தி, கழற்றியதை வாங்கி வழியிலிருந்து அகற்ற ஒருத்தி என்று ஏற்பாடு செய்தார்கள். பிறகு அந்த மூன்று பேரும் அந்த மாற்றத்தை மட்டும் தனியாக ஒத்திகை பார்த்தார்கள். நாடகத்தில் அவர்களுக்குப் பெயர் இல்லை, வசனம் இல்லை. ஆனால் அந்த நுழைவு அவர்களுடையது. அரங்கேற்றத்தன்று அவள் சரியான நொடியில் மேடையில் கால் வைத்தபோது பக்கவாட்டில் இருந்த அந்த மூன்று முகங்களையும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒளி ஒரு தனிக் கல்வி. நேர் முன்னாலிருந்து அடித்தால் முகம் தட்டையாகிவிடும், மூக்குக்கும் கன்னத்துக்கும் வேறுபாடு தெரியாது. யேலில் ஒளியமைப்பு கற்பித்த ஸ்டான்லி மெக்காண்ட்லஸ் 1932இல் நூலாக எழுதி வைத்த முறை இன்றும் தொடக்கப் பாடமாக இருக்கிறது. மேடையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னாலிருந்து இடமும் வலமுமாக இரண்டு விளக்குகள், ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், ஒன்றில் வெதுவெதுப்பான நிறம், இன்னொன்றில் குளிர்ந்த நிறம். முகத்துக்கு வடிவம் வந்துவிடும். இதைப் புத்தகத்தில் படிக்க இரண்டு நிமிடம் போதும். நண்பர் ஒருவரை மேடையில் நிறுத்தி, ஒரு விளக்கை அணைத்து ஏற்றிப் பார்க்கும்போதுதான் கண்ணுக்குப் பிடிபடுகிறது. இதற்கும் மேடை வேண்டும், நேரம் வேண்டும்.

நான் வருத்தத்தோடு நினைக்கும் விஷயமும் இங்கேதான் வருகிறது. ஒரு கல்லூரியில் மாணவர்கள் ஒளித் திட்டம் முழுவதையும் தாளில் வரைந்து வைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் நிர்வாகம் வெளியிலிருந்து ஒளியமைப்பாளரை வரவழைத்துவிட்டது. அவர் திறமையானவர்தான், மேடை பளிச்சென்று இருந்தது. மாணவர்கள் தங்கள் தாளை மடித்து வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். அவர்களுடைய திட்டத்தில் குறைகள் இருந்திருக்கலாம். அந்தக் குறைகளைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பைத்தான் அன்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வெளியாளை அழைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழைத்தால் மாணவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லித்தருவதற்கு அழைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் ஒதுங்கி நிற்கக் கூடாத ஒரே இடம் பாதுகாப்பு. மாணவர்களின் ரசனையில் தலையிடாதீர்கள், மின்சாரத்தில் தலையிடுங்கள். கணக்கு எளிது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட்டில் 1000 வாட் விளக்கு ஒன்று சுமார் 4.3 ஆம்பியர் எடுக்கும். 15 ஆம்பியர் இணைப்பில் மூன்றைப் போடலாம், 13 ஆம்பியர்தான் வரும். நான்காவதைச் செருகினால் 17ஐத் தாண்டிவிடும். எல்இடி விளக்குகள் வந்த பிறகு சுமை வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் கணக்குப் போடாமல் செருகும் பழக்கம் கூடவே கூடாது. மேலே தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கி தவிரப் பாதுகாப்புக் கம்பியும் இருக்க வேண்டும். ஏணியைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வரும் எல்லாக் குழுக்களுக்கும் நான் 1903 டிசம்பர் 30 பற்றிச் சொல்வேன். சிகாகோவின் இரோகுவாய் தியேட்டர் திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தீயே பிடிக்காது என்று விளம்பரம் செய்யப்பட்ட அரங்கம். மேடை விளக்கு ஒன்றிலிருந்து படுதாவில் பொறி பற்றியது. தீத்தடுப்புத் திரையை இறக்கினார்கள், அது பாதி வழியில் சிக்கிக்கொண்டது. வெளியேறும் கதவுகளில் பல பூட்டியிருந்தன, சில கண்ணுக்கே தெரியாதபடி திரைச்சீலைகளுக்குப் பின்னால் இருந்தன. 600 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், அவர்களில் குழந்தைகள் ஏராளம். இதைச் சொன்ன பிறகு, வெளியேறும் வழியில் செட் பலகையைச் சாய்த்து வைக்கிறவர் யாரும் இல்லை. டெக் ஒத்திகையில் ‘நிறுத்து’ என்று யார் கத்தினாலும் எல்லோரும் நின்றுவிட வேண்டும் என்ற விதியும் உடனே புரிந்துவிடுகிறது. முதலாண்டு மாணவி கத்தினாலும் சரி, இயக்குநர் வாய் பேசாமல் நிற்க வேண்டும். ஏன் நிறுத்தினாய் என்று அவளைக் கடிந்துகொள்ளவும் கூடாது.

உரிமை விஷயத்தையும் மாணவர்களே கையாள வேண்டும். யாருடைய நாடகம், அனுமதி வாங்கினோமா என்ற கேள்வி சுவரொட்டி அடிக்கும் நாளில் எழக் கூடாது, பிரதியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே எழ வேண்டும். எழுதியவர் மறைந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை உரிமை உண்டு என்பது பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை. இந்தியாவில் 60, பல நாடுகளில் 70. மூலம் பழையதாக இருந்தாலும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கிறது. ரஷ்ய நாடகாசிரியர் செக்காவ் 1904இல் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரை மொழிபெயர்த்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கலாம். அவருக்கு ஒரு கடிதம் எழுதுவது மரியாதையும் கூட. விளம்பரம், நுழைவுச்சீட்டு, வரவு செலவு எல்லாம் இதே போல்தான், பொறுப்பைக் கொடுத்தால் கற்றுக்கொள்வார்கள்.

பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் தவறிவிடுகின்றன என்று நினைக்கிறேன். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவருக்கே அந்த வேலை போகிறது. மின்பொறியியல் படிக்கிறவர் விளக்குக்கு, ஓவியம் வரைகிறவர் செட்டுக்கு, குரல் நன்றாக இருப்பவர் நாயகனுக்கு, தையல் தெரிந்த பெண் மூன்று வருடமும் உடைக்கு. நாடகம் கொஞ்சம் அழகாக வரும்தான். ஆனால் இது மாணவர்களுக்கான அரங்கம், அவர்கள் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கான இடம். மேடையில் நடித்தவர் அடுத்த நாடகத்தில் பின்னால் வேலை செய்ய வேண்டும், பின்னால் இருந்தவரை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். நடிக்க மட்டுமே வந்த ஒரு மாணவன், வேண்டாவெறுப்பாக ஒரு நாடகத்துக்குப் பொருட்களின் பொறுப்பை ஏற்றான். மேடையின் இரு பக்கமும் மேசை போட்டு, தாள் விரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் கோடு கிழித்து இடம் குறித்தான். கடிதம், கண்ணாடி, குடை என்று எது திரும்பி வரவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. அடுத்த நாடகத்தில் அவன் மீண்டும் நடித்தான். காட்சி முடிந்து வெளியே வந்ததும், மூச்சு வாங்குவதற்கு முன்னால், கையில் இருந்த கடிதத்தை அதன் கோட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் போனான். நல்ல நடிகன் என்று நான் அவனை அப்போதுதான் சொன்னேன்.

அதனால் கல்லூரி நிர்வாகிகளிடமும் துறைத் தலைவர்களிடமும் நான் கேட்பது பணம் இல்லை. மேடையை நான்கு நாட்கள் முன்னதாகக் கொடுங்கள். முதல் நாள் செட்டை ஏற்றி விளக்குகளைத் தொங்கவிடுவார்கள். இரண்டாம் நாள் ஒவ்வொரு விளக்கையும் திருப்பி, வெளிச்சத்தின் அளவுகளைப் பதிவு செய்து, ஒலியைச் சரிபார்ப்பார்கள். மூன்றாம் நாள் முழுக்க டெக். நான்காம் நாள் உடை, ஒப்பனையோடு நிற்காமல் ஒரு முழு ஓட்டம். நாடகம் முடிந்த இரவே எல்லோரும், நாயகனும் நாயகியும் உட்பட, செட்டைப் பிரித்து மேடையைப் பெருக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த நாட்களில் வேறு விழா இருக்கிறது, கருத்தரங்கு இருக்கிறது என்ற பதில் வரும் என்று தெரியும். ஆண்டு அட்டவணை போடும்போதே நாடகத் தேதியோடு அந்த நான்கு நாட்களையும் சேர்த்துக் குறித்தால் இந்தச் சிக்கல் வராது. அரங்கப் பொறுப்பாளரைப் பார்க்கப் போகும்போது ஸ்டேஜ் மேனேஜராக இருக்கப்போகிற மாணவியையும் அழைத்துப் போங்கள். எந்த நாளில், எத்தனை மணியிலிருந்து, எதற்காக மேடை வேண்டும் என்று அவள் தன் கோப்பைத் திறந்து சொல்லட்டும்.